கெர்னலுக்குக் கம்பைலர் தேர்வு: புதியது என்பது மட்டும் தகுதி ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு நாமே கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் லினக்ஸ் மையநிரலை, தயாரித்துக்கொள்வது பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். தமிழில் இந்தப் பொருளைத் தொடுவோர் மிகச் சிலரே என்பதால், நான் பணியாற்றும் பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் மாணவர்களுக்கும் அதை வாசித்துக் காட்டினேன். கைபேசியை எழுப்பும் நிரலான பூட்லோடரைத் திறப்பதற்கு முன்பு தரவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தொடங்கிப் பல செய்திகளைக் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் கம்பைலரைப் பற்றிய பகுதியில், கிடைப்பவற்றுள் மிகப் புதியதை எடுத்துக்கொண்டால் கெர்னல் வேகமாக ஓடும் என்னும் பொருள்பட ஒரே வரியில் கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிட்டார். அந்த வரியை நம்பிச் செயல்படும் வாசகர் தம் கைபேசியின் வைஃபையையோ ஒலியையோ இழக்கக்கூடும். அதைவிட மோசமாக, எதையும் இழந்ததாகத் தெரியாமலே அதன் பாதுகாப்பை இழக்கக்கூடும். இதை எழுதத் தூண்டியது அந்தக் கவலைதான்.

கம்பைலர் என்று ஒருமையில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒரு கெர்னலைக் கட்டும்போது பல கருவிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. சி மொழியில் உள்ள மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றுவது கம்பைலர். அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளை மாற்றுவது அசெம்பிளர். துண்டு துண்டாகக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒன்றாகக் கோப்பது லிங்கர். இவற்றோடு, கட்டும் வேலையின் இடையே நம் மேசைக் கணினியில் ஓட வேண்டிய சிறு உதவி நிரல்களுக்காக அந்தக் கணினிக்கே உரிய கம்பைலர் ஒன்றும், 64 பிட் கைபேசியில் 32 பிட் செயலிகளும் ஓடுவதற்கு வேண்டிய ஒரு சிறு பகுதிக்காகச் சில கெர்னல்களில் 32 பிட் கம்பைலர் ஒன்றும் தேவைப்படும். இவை அனைத்தையும் சேர்த்தே டூல்செயின் என்கிறோம். புதியதை எடுங்கள் என்று சொல்லும்போது இவற்றுள் எதைப் புதியதாக எடுப்பது என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், 4.19 வரிசைக் கெர்னலுடன் விற்பனைக்கு வந்திருந்த தம் கைபேசிக்கு, உற்பத்தி நிறுவனம் வெளியிட்டிருந்த மூலநிரலை இறக்கி, குனு திட்டத்தின் கம்பைலரான ஜிசிசியில் அன்றைக்குக் கிடைத்த மிகப் புதிய பதிப்பைக் கொண்டு கெர்னலைக் கட்டினார். மூலநிரலில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. மாற்றங்களைப் பிறகு செய்யலாம், முதலில் உள்ளதை உள்ளபடி கட்டிப் பார்ப்போம் என்று நானே அவருக்குச் சொல்லியிருந்தேன். கெர்னலை ஏற்றியதும் கைபேசி ஒழுங்காக எழுந்தது. முகப்புத் திரையும் வந்தது. ஆனால் வைஃபை பொத்தானைத் தட்டினால், அது ஒரு கணம் நீலமாகிவிட்டுத் தானாகவே அணைந்துவிடும். பாட்டுப் போட்டால் கோடு நகர்கிறது, ஒலி வரவில்லை. கெர்னலின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, வைஃபைக்குரிய மாட்யூல் (கெர்னலோடு தனியே வந்து இணையும் துண்டு நிரல்) 'மாட்யூல் லேஅவுட்' என்னும் குறியீட்டின் பதிப்பில் முரண்படுகிறது என்ற ஒரே செய்தி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டறிய எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. பழைய கெர்னல் ஓடும்போது அதன் அமைப்புகளை ப்ராக் (/proc) என்னும் அடைவில் சுருக்கப்பட்ட கோப்பாகக் காணலாம். நல்லவேளையாக மாணவர் அதை முன்பே எடுத்து வைத்திருந்தார். புதிதாகக் கட்டியபோது உருவான அமைப்புக் கோப்பை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். யாரும் கைவைக்காத நிலையிலும் சில வரிகள் மறைந்திருந்தன. அவற்றுள் ஒன்று சிஎஃப்ஐ என்னும் பாதுகாப்பு அமைப்பு. லினக்ஸ் 4.18 முதல், கெர்னலின் அமைப்புகளைத் தீர்மானிக்கும் நிரல் கம்பைலரையே அழைத்து, உனக்கு இது தெரியுமா, அது தெரியுமா என்று கேட்டுப் பார்த்து, தெரியாதவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். சிஎஃப்ஐ அந்தக் கெர்னலில், எல்எல்விஎம் என்னும் கருவிக் குடும்பத்தைச் சேர்ந்த கிளாங் என்ற மற்றொரு கம்பைலரை நம்பி எழுதப்பட்டது. ஜிசிசியைக் கண்டதும் அது பட்டியலிலிருந்தே போய்விட்டது. அது போனதால், ஒவ்வொரு மாட்யூலையும் விவரிக்கும் தரவுக் கட்டமைப்பில் அதற்கென்று இருந்த ஓர் உறுப்பும் போயிற்று. கட்டமைப்பு மாறியதால் அதிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணும் மாறியது. கைபேசியின் வேறொரு பகிர்வில், உற்பத்தி நிறுவனம் கட்டிவைத்திருந்த வைஃபை, ஒலி மாட்யூல்கள் பழைய எண்ணைத்தான் வைத்திருந்தன. எனவே புதிய கெர்னல் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது.

வைஃபை போனதை நாங்கள் கண்டோம், அதனால் தேடினோம். அந்த மாட்யூல்கள் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும், சிஎஃப்ஐ இல்லாமல் போனதை யாரும் கவனித்திருக்கவே மாட்டோம். கெர்னலுக்குள் மறைமுகமாக அழைக்கப்படும் ஒவ்வொரு செயற்கூறும் எதிர்பார்க்கப்பட்ட வகையைச் சேர்ந்ததுதானா என்று ஓடும்போதே சரிபார்த்து, ஊடுருவுவோர் நிரலின் போக்கைத் திசைதிருப்புவதைத் தடுக்கும் காப்பு அது. கூகுள் 2018-இல் வெளியிட்ட பிக்சல் 3 கைபேசியின் கெர்னலிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. கம்பைலரை மாற்றிய ஒரே செயலால், கைபேசியை வாங்கும்போது கூடவே வந்த அந்தக் காப்பை மாணவர் தம்மையறியாமல் கழற்றிவிட்டார். இத்தனைக்கும் அவர் கவனமான மாணவர்.

இந்த அனுபவத்திற்குப் பிறகு ஆய்வகத்தில் நாங்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோம். கைபேசியில் முதன்முதலாக எந்தக் கம்பைலரால் கட்டப்பட்ட கெர்னல் ஓடியதோ அதையோ, கிடைக்காவிட்டால் அதற்கு மிக நெருங்கியதையோ கொண்டுதான் முதல் கெர்னலைக் கட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ப்ராக் அடைவில் உள்ள 'வெர்ஷன்' என்னும் கோப்பில் கெர்னலின் பதிப்பும், அதைக் கட்டிய கம்பைலரின் பெயரும் பதிப்பும் ஒரே வரியில் இருக்கும். 2015 முதல் சில ஆண்டுகள் வந்த பெரும்பாலான கைபேசிகளில் ஜிசிசி 4.9, 20150123 என்னும் தேதியுடன் காணப்படும். அது கூகுள் ஆண்ட்ராய்டுக்காகத் தானே கட்டி வழங்கிய பதிப்பு. 5.10 கெர்னல் உள்ள கைபேசிகள் பலவற்றில் கிளாங் 12.0.5 என்றும், ஆர்416183பி என்றும் இருக்கும். பின்னதாக வரும் அந்த எண்ணைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். கூகுளின் கிளாங் தொகுப்புகள் அவ்வெண்ணின் பெயரிலேயே தனித்தனியாகக் கிடைப்பதால், அந்த வரி கையில் இருந்தால் வேறு எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

ஜிசிசியா கிளாங்கா என்னும் கேள்வியை மதச்சண்டைபோல நடத்துவோர் உண்டு. அதில் எனக்கு விருப்பமில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கியபோதே அதைக் கட்டியது ஜிசிசிதான். பல ஆண்டுகள் கெர்னலின் மூலநிரல் ஜிசிசிக்கே உரிய நீட்டிப்புகளின் மேல்தான் வளர்ந்தது. கிளாங்குக்கு வழி திறந்ததில் ஆண்ட்ராய்டின் பங்கு பெரியது. 2017-இல் வந்த பிக்சல் 2, கிளாங்கால் கட்டப்பட்ட 4.4 கெர்னலுடன் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் செயலி மேம்பாட்டுத் தொகுப்பான என்டிகே 2018-இல் தன் 18-ஆம் பதிப்பில் ஜிசிசியை முற்றாக நீக்கியது. 2020-இல் வெளியான லினக்ஸ் 5.7-இல், கம்பைலர், லிங்கர் என அனைத்தையும் எல்எல்விஎம் குடும்பத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் செய்யும் ஒற்றை அமைப்பு சேர்க்கப்பட்டது. ஆகவே எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தக் கைபேசியின் கெர்னல் இந்த வரலாற்றின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் விடை தானாகவே வரும். 3.10, 3.18 கெர்னல்களுக்கு ஜிசிசி, அண்மைக் கெர்னல்களுக்குக் கிளாங், இடைப்பட்ட 4.4 முதல் 4.14 வரையிலானவற்றுக்குக் கைபேசியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பழையதை எடுங்கள் என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பழைய கம்பைலர்களுக்கும் மிகக் கொடிய பிழைகள் உண்டு. ஆர்ம் வகைப் புராசஸர் கொண்ட 64 பிட் கணினியில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை மிக அரிதாக, காரணம் புலப்படாமல், சரிபார்ப்புப் பிழை காட்டிக்கொண்டிருந்ததை ரஸ்ஸல் கிங் என்னும் மூத்த ஆர்ம் லினக்ஸ் வல்லுநர் விடாமல் துரத்தி, 2021 ஜனவரியில் அதன் வேரைக் கண்டுபிடித்தார். குற்றம் கோப்பு முறைமையில் இல்லை, வன்பொருளிலும் இல்லை, ஜிசிசியில் இருந்தது. 4.9 முதல் 5.1-க்கு முந்தைய பதிப்புகள் வரை, ஒரு செயற்கூறு முடியும் தறுவாயில், தன் அடுக்குநினைவின் எல்லையை முதலில் விட்டுக்கொடுத்துவிட்டு, விட்டுக்கொடுத்த இடத்திலிருந்தே ஒரு மதிப்பைப் படிக்கும் வகையில் நிரலை உருவாக்கக்கூடியனவாக இருந்தன. அந்த இரண்டு கட்டளைகளுக்கும் இடையே உள்ள நொடிப்பொழுதில் ஓர் இடையீடு வந்து அவ்விடத்தில் வேறொன்றை எழுதிவிட்டால், படிக்கப்படும் மதிப்பு தவறாகிவிடும். எப்போதோ ஒருமுறை மட்டுமே நடப்பதால் எந்தச் சோதனையிலும் எளிதில் அகப்படாது. இதையடுத்து 64 பிட் ஆர்முக்கான கெர்னலின் பொறுப்பாளர் வில் டீக்கன், ஜிசிசி 5.1-க்குக் குறைந்ததை ஏற்பதில்லை என்ற நிபந்தனையைக் கெர்னலிலேயே சேர்த்தார்.

இதைப் படித்தவுடன் 4.9 என்ற எண்ணைக் கண்டாலே ஒதுக்கிவிடவும் முடியாது. குனு வெளியிட்ட 4.9 வேறு, கூகுளும், ஆர்முக்கான மென்பொருளை மேம்படுத்தும் லினாரோ அமைப்பும் தத்தம் திருத்தங்களைச் சேர்த்து அதே எண்ணுடன் வெளியிட்டவை வேறு. பதிப்பு எண் மட்டும் போதாது, யார் கட்டிய தொகுப்பு என்பதும் தெரிய வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான். கெர்னலின் ஆவணங்களில், குறைந்தபட்சம் எந்தப் பதிப்புக் கருவிகள் வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு மூலநிரலுடனும் வருகிறது; 5.10-இல் கிளாங்குக்கு 10.0.1 என்றும், 5.15-இல் ஜிசிசிக்கு 5.1 என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அது கீழ் எல்லை. மேல் எல்லையை எந்த ஆவணமும் சொல்வதில்லை. ஏனெனில் ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டவர்களுக்கு, பின்னால் வரப்போகும் கம்பைலர்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

அந்த மேல் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கெர்னல்களில் வேடிக்கையான எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். தொடக்ககால 3.10 மூலநிரலை ஜிசிசி 5-ஐக் கொண்டு கட்ட முயன்றால், கம்பைலரின் முதன்மைப் பதிப்பு எண்ணைப் பெயரில் கொண்ட ஒரு தலைப்புக் கோப்பைத் தேடி, 5-ஆம் எண்ணுக்கு அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லிக் கட்டும் வேலை நின்றுவிடும். இன்னொன்று மாணவர்களை அடிக்கடி ஏமாற்றுவது. 2020-இல் வந்த ஜிசிசி 10, ஒரே பொது மாறியை இரண்டு கோப்புகளில் அறிவிப்பதை முன்போலப் பொறுத்துக்கொள்வதில்லை. கெர்னலோடு வரும், வன்பொருள் விவரக் கோப்புகளை மாற்றித் தரும் உதவி நிரலான டிவைஸ் ட்ரீ கம்பைலரின் பழைய மூலத்தில் 'ஒய்ஒய்லாக்' என்னும் மாறி அப்படித்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே அது இருமுறை வரையறுக்கப்பட்டுள்ளது என்ற பிழையோடு எல்லாம் நின்றுபோகும். உடனே மாணவர்கள் கைபேசிக்கான கம்பைலரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், பயன் இராது. அந்த உதவி நிரலைக் கட்டுவது மேசைக் கணினியின் கம்பைலர். மேசைக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது அதுவும் ஓசையின்றிப் புதியதாகியிருக்கும். டூல்செயின் என்பதை ஒரே பொருளாக எண்ணாமல் உறுப்பு உறுப்பாகப் பார்க்க வேண்டும் என்று நான் மேலே சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

லிங்கரும் அப்படியே. மலிவு விலைக் கைபேசிகளில் மிகப் பரவலாக இடம்பெற்ற கார்டெக்ஸ் ஏ53 என்னும் புராசஸரில், 843419 என்ற எண்ணால் குறிக்கப்படும் வன்பொருள் பிழை ஒன்று உண்டு. 4 கிலோபைட் பக்கம் ஒன்றின் கடைசியில் ஒரு குறிப்பிட்ட கட்டளை அமைந்து, அதைத் தொடர்ந்து நினைவகத்தைத் தொடும் கட்டளைகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வந்தால், முகவரி தவறாகக் கணக்கிடப்படலாம். அத்தகைய இடங்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வது லிங்கரின் பொறுப்பு. லிங்கருக்கு அந்தத் திறன் இல்லாவிட்டால், கெர்னல் இப்பிழைக்கு ஆளாகலாம் என்ற ஓர் எச்சரிக்கை மட்டும் திரையில் ஒரு வரியாக வந்துவிட்டு, அடுத்த நூறு வரிகளோடு மேலே போய்விடும். கட்டும் வேலை நிற்காது. ஸ்னாப்டிராகன் 625 போன்ற, எட்டு உட்கருக்களும் ஏ53-ஆகவே உள்ள சிப் கொண்ட கைபேசி இன்றும் பலர் கையில் இருக்கிறது. அவர்கள் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், கட்டுரையாளரின் பரிந்துரைக்கு அதுவே அடிப்படை என்பதால். கெர்னல் வழக்கமாக ஓ2 என்னும் மேம்படுத்தல் நிலையில் கட்டப்படுகிறது. அதை ஓ3 ஆக்கியிருக்கிறோம் என்பதையே பெருமையாக அறிவிக்கும் தொகுப்புகள் பல. அந்நிலையைக் கெர்னலில் எல்லோருக்கும் திறந்துவிடும் யோசனை 2022-இல் எழுந்தபோது டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. ஓ3, ஓ2-வைவிட மோசமான நிரலை உருவாக்கிய வரலாறு உண்டு என்பது அவர் காட்டிய காரணம். கைபேசியில் நாம் உணரும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை புராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கும் கொள்கை, நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் தரம், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறை ஆகியவையே. கம்பைலரை மட்டும் மாற்றிவிட்டு, வேறெதையும் தொடாமல், ஒரே சோதனையைப் பத்து முறை நடத்திப் பார்த்து வேறுபாடு தெரிந்தால் அதை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். எங்கள் ஆய்வகத்தில் அப்படி அளந்தபோது, ஒரே கெர்னலின் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிடக் கம்பைலர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு சிறியதாகவே இருந்தது.

ஆர்வலர்கள் எல்எல்விஎம்மின் வளர்நிலை மூலத்திலிருந்து கட்டி வெளியிடும் தொகுப்புகளை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுள் சிலரின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் இன்னார் கட்டினார், இன்ன மூலத்திலிருந்து கட்டினார் என்று தெரியாத ஒரு கம்பைலரை இறக்கி, கைபேசியிலேயே மிகுந்த அதிகாரம் கொண்ட நிரலை அதன் கையில் கொடுப்பது தகாது. மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமல் கம்பைலரே கள்ளவழியை நுழைத்துவிட முடியும் என்பதை யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே விளக்கிக் காட்டிவிட்டார். லினக்ஸ் கெர்னலின் அதிகாரபூர்வத் தளத்திலேயே ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டின் கட்டிமுடித்த தொகுப்புகளும் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டின் மூலக்களஞ்சியத்தில் கூகுளின் கிளாங் கிடைக்கிறது. இவை இருக்க வேறிடம் தேட வேண்டிய தேவை தொடக்கநிலை மாணவருக்கு இல்லை.

உற்பத்தி நிறுவனங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கெர்னலுக்குரிய ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமம், மூலநிரலோடு அதைக் கட்டுவதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் தர வேண்டும் என்கிறது. மேலே சொன்ன கைபேசிக்கு நாங்கள் இறக்கிய மூலநிரலில் அப்படி எதுவும் இல்லை. எந்தக் கம்பைலர், எந்த அமைப்புக் கோப்பு என்று ஒரு குறிப்புகூட இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், 5.10 மற்றும் அதற்குப் பிந்தைய கெர்னலுடன் வெளிவரும் கைபேசிகளுக்குக் கூகுளின் பொதுக் கெர்னல் கட்டாயமாகியிருப்பதால், அவற்றில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. எந்தக் கிளாங் வேண்டும் என்பது கெர்னலைக் கட்டும் அமைப்புக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாட்யூல்களுக்கும் கெர்னலுக்கும் இடையிலான ஒப்பந்தம் குலையாமல் இருக்க அதையே பயன்படுத்துவது நல்லது. பழைய கைபேசிகளை வைத்திருப்போருக்கு அந்த வசதி இல்லை; உற்பத்தி நிறுவனங்கள் இரண்டு ரூபாய் செலவில்லாமல் ஒரு உரைக்கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எத்தனையோ மாணவர்களின் எத்தனையோ இரவுகள் மிஞ்சியிருக்கும்.

கட்டுரையாளர் இத்தொடரை மேலும் எழுதவிருப்பதாக அறிகிறேன். அடுத்த பகுதியில் கம்பைலர் பற்றிய அந்த வரியைத் திருத்தி, பூட்லோடரைத் தொடுவதற்கு முன்பே ப்ராக் அடைவில் உள்ள வெர்ஷன் கோப்பின் வரியையும் அமைப்புக் கோப்பையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களுக்குச் சொல்லும்படி தங்கள் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய கெர்னலை ஏற்றிய பிறகு அந்த வரியைத் திறந்தால், அதில் நாம் பயன்படுத்திய கம்பைலரின் பெயர்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினித் துறை விரிவுரையாளர்,
விருதுநகர் மாவட்டம்.